கொடியாளத்தோடு நின்றுவிடும் செய்தி: கன்னட, தமிழ் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெங்களூரிலும் சென்னையிலும் நாளிதழ்களையும் தொலைக்காட்சிகளையும் இணையச் செய்தித் தளங்களையும் நடத்தும் மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம்.

நான் ஓசூர்க்காரன். வீடு கெலவரப்பள்ளி அணைக்குப் பக்கத்தில். வேலை பெங்களூர் சர்ஜாப்பூர் சாலையில். காலையில் எல்லை தாண்டிப் போய் இரவில் திரும்புகிறேன். எங்கள் பக்கம் நிறையப் பேருக்கு வாழ்க்கை இப்படித்தான் ஓடுகிறது. அதனால் ஒரு விஷயம் எனக்குக் கொஞ்சம் கிட்டத்தில் தெரிகிறது. பகலில் என் அலுவலகக் கழிப்பறையில் நான் திறந்துவிடும் தண்ணீர் பெல்லந்தூர் ஏரிக்குப் போகிறது. அங்கிருந்து வர்த்தூர் ஏரி. அதன் கோடியிலிருந்து, அதாவது ஏரி நிரம்பி வழியும் இடத்திலிருந்து, தென்பெண்ணை. பிறகு அதே தண்ணீர் பாகலூர்ப் பக்கம் கொடியாளத்தில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, கெலவரப்பள்ளியில் தேங்கி, கால்வாய் வழியாக என் அப்பாவின் கோஸ் வயலுக்கு வந்து சேர்கிறது. அழுக்காக்கியவனும் நான், அழுக்கை வாங்கிக்கொள்பவனும் நான். இந்த இரண்டையும் ஒரே நாளில் செய்பவன் என்ற உரிமையில்தான் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே கடிதமாக எழுதுகிறேன்.

பெங்களூரில் நேற்று நல்ல மழையா என்று நாங்கள் யாரையும் கேட்க வேண்டியதில்லை. மறுநாள் காலையில் அணையின் மதகுக்குக் கீழே போய்ப் பார்த்தால் போதும். வெள்ளைவெளேரென்று பஞ்சுப் பொதி மாதிரி நுரை குவிந்து நிற்கும். சில நாள் தரைப்பாலத்தை மூடிவிடும். அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று தெரியாமல் வண்டிக்காரர்கள் நின்றுவிடுவார்கள். காற்று அடித்தால் பறந்து போய் வயலில் விழும். நாற்றத்தைப் பற்றி எழுதிப் புரியவைக்க முடியாது.

இது எப்படி வருகிறது என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. துணி துவைக்கிற தூளிலும் பாத்திரம் கழுவுகிற திரவத்திலும் இருக்கும் நுரைப்பொருளும் பாஸ்பேட்டும் சுத்திகரிக்கப்படாத சாக்கடையோடு ஏரிக்குப் போகின்றன. அடியில் சகதியாகப் படிகின்றன. மழை வந்து வெள்ளம் அதைக் கிளறும்போது எல்லாம் மேலே வருகிறது. உயரத்திலிருந்து விழும் இடத்தில், அதாவது ஏரியின் கோடியிலோ அணையின் மதகிலோ, காற்றோடு அடிபட்டு நுரையாகப் பொங்குகிறது. நம் வீட்டு வாளியில் நடப்பதுதான், ஒரு பெரிய நகரத்தின் அளவில்.

இனி நேராக உங்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

2015இல் வர்த்தூர், யமலூர் சாலைகளில் நுரை பறந்து வண்டி ஓட்டுபவர்கள் முகத்தில் ஒட்டியபோது பெங்களூர் ஊடகங்கள் அதைக் கையில் எடுத்தீர்கள். அந்தப் படங்கள் உலகம் முழுக்கப் போயின. 2017 பிப்ரவரியில் பெல்லந்தூர் ஏரி தீப்பிடித்து எரிந்தபோது நீங்கள் போட்ட செய்தியைப் பார்த்துத்தான் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், யாரும் மனுப் போடாமலே, தானாக வழக்கை எடுத்தது. 2018 ஜனவரியில் மறுபடி தீ. அணைக்க ராணுவ வீரர்கள் இறங்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் தீர்ப்பாயம் கர்நாடக அரசுக்கு 50 கோடி ரூபாயும் மாநகராட்சிக்கு 25 கோடியும் இழப்பீடு விதித்து, ஏரியை மீட்கும் வேலைக்காக 500 கோடியைத் தனியாக எடுத்து வைக்கச் சொன்னது. அதன் பிறகு ஏரிகளை வடித்துத் தூர்வாரும் வேலை தொடங்கியது. ஒரு செய்திப் படத்துக்கு இவ்வளவு வலு உண்டு என்று எங்களுக்குக் காட்டியவர்கள் நீங்கள். அதற்கு நான் உண்மையிலேயே நன்றி சொல்கிறேன்.

ஆனால் செய்தி ஏரியோடு நின்றுவிட்டது. தூர்வாருவதற்காக ஏரியை வடித்தபோது அதில் விழுந்துகொண்டிருந்த கழிவுநீரைப் பக்கத்தில் கால்வாய் வெட்டித் திருப்பினார்கள். திருப்பிய நீர் எங்கே போகும்? பள்ளத்தை நோக்கித்தான். பள்ளத்தில் நாங்கள் இருக்கிறோம்.

என்னோடு வேலை செய்யும் ஒரு பெண் வர்த்தூரில் பிறந்து வளர்ந்தவர். கன்னடக் குடும்பம். அவருடைய தாத்தா வர்த்தூர் ஏரித் தண்ணீரில் நெல் விளைவித்தவர். ஒருநாள் மதிய சாப்பாட்டின்போது, "நுரை எல்லாம் நின்றுவிட்டதே, ஏரியைச் சுத்தம் செய்கிறார்களே" என்றார். அன்று காலையில் நான் எடுத்த காணொளியைக் காட்டினேன். அவர் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டார். "இது எங்கள் ஏரித் தண்ணீரா? இதைப் பற்றி எங்கேயும் வரவில்லையே" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அவர் தினமும் கன்னட நாளிதழ் படிக்கிறவர், இரவு செய்தி பார்க்கிறவர். அவருக்குத் தெரியாமல் போனதற்கு அவர் பொறுப்பில்லை.

தமிழ் ஊடகங்களுக்கு இது தெரியாமல் இல்லை. ஒவ்வொரு மழைக்கும் நுரையின் படம் வருகிறது. ஆனால் ஆண்டுதோறும் அதே படம், அதே தலைப்பு: கர்நாடகம் திறந்துவிட்ட ரசாயன நுரை, விவசாயிகள் அதிர்ச்சி. இதைப் படிப்பவர் சென்னையிலோ மதுரையிலோ இருக்கிறார். அவரால் செய்யக்கூடியது கோபப்படுவது மட்டும்தான். வர்த்தூரில் குழாயைத் திறக்கிறவருக்கும், அங்கே சுத்திகரிப்பு நிலையத்துக்குப் பொறுப்பான அதிகாரிக்கும், அவரைக் கேள்வி கேட்க வேண்டிய சட்டமன்ற உறுப்பினருக்கும் அந்தத் தலைப்பு போய்ச் சேர்வதே இல்லை. தப்பித் தவறிப் போனாலும், ஒரு மாநிலத்தின் மீது இன்னொரு மாநிலம் வைக்கும் குற்றச்சாட்டாகத்தான் போகிறது. அப்போது அங்கே இருப்பவர் ஆற்றைப் பார்க்க மாட்டார், தன் மாநிலத்துக்காக வாதாடத்தான் நிற்பார்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தொலைக்காட்சி நிருபர் எங்கள் வயலுக்கு வந்தார். நல்ல பையன். அப்பாவிடம் மைக்கை நீட்டி, "கர்நாடக அரசுக்கு என்ன சொல்ல விரும்புறீங்க?" என்று கேட்டார். எங்கள் பகுதியில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் எல்லார் வாயிலும் புழங்கும். அப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அரசாங்கத்துக்கு என்னத்தச் சொல்றது தம்பி. அந்தப் பக்கம் ஏரிக்கரையில இருக்கிற ஜனங்களுக்குச் சொல்லணும். நான் கன்னடத்துலயே சொல்றேன், அவங்க பாக்குற மாதிரி போடுவீங்களா?" என்றார். சொல்லவும் சொன்னார், இரண்டு நிமிடம். மாலையில் குடும்பமே உட்கார்ந்து பார்த்தோம். அந்தப் பகுதி வரவில்லை. நுரை வந்தது, பின்னணி இசை வந்தது, பக்கத்து வயல்காரர் ஆத்திரப்பட்டுப் பேசியது வந்தது. அப்பா ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விட்டார். இந்தக் கடிதம் அன்று வெட்டப்பட்ட அந்த இரண்டு நிமிடத்துக்காகத்தான்.

நுரைக்கு மாநிலம் கிடையாது என்பதற்குக் கோலாரே சாட்சி. பெங்களூரின் கோரமங்களா, சல்லகட்டா பள்ளத்தாக்கின் கழிவுநீரைச் சுத்திகரித்து, நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் வீதம் வறண்ட கோலார் ஏரிகளுக்கு அனுப்பும் திட்டம் 2018இல் தொடங்கியது. தொடங்கிய சில வாரங்களிலேயே, ஜூலையில், லட்சுமிசாகரா ஏரியில் வெள்ளை நுரை. அங்கே கன்னட விவசாயி பதறினார், நீதிமன்றத்துக்குப் போனார், உயர் நீதிமன்றம் சிறிது காலம் அதை நிறுத்தியும் வைத்தது. கன்னட ஊடகங்கள் விரிவாக எழுதினீர்கள். அதே ஆண்டு, அதே நகரத்தின் கழிவு, அதே நுரை, கெலவரப்பள்ளியிலும் இருந்தது. கோலார் விவசாயியையும் ஓசூர் விவசாயியையும் ஒரே பக்கத்தில் அருகருகே வைத்து எழுத ஒருவருக்கும் தோன்றவில்லை. அப்படி எழுதியிருந்தால் அது இரண்டு மாநிலச் சண்டையாகவே இருந்திருக்காது. ஒரு நகரம் தன்னைச் சுற்றியிருக்கும் எல்லா ஊர்களுக்கும் என்ன செய்கிறது என்ற கேள்வியாக இருந்திருக்கும்.

அப்புறம் காவிரி. பெங்களூர் ஒரு மேட்டின் முதுகில் உட்கார்ந்திருக்கும் ஊர். மேற்கே விழும் கழிவு விருஷபாவதி வழியாக அர்க்காவதிக்குப் போய், காவிரியில் கலந்து மேட்டூருக்கு வருகிறது. கிழக்கே விழுவது தென்பெண்ணைக்கு வருகிறது. அந்த ஊர் குடிப்பதோ பெரும்பாலும் சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து மேலே ஏற்றப்படும் காவிரி நீர். 2024 அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கி, நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் கூடுதலாகச் சேர்ந்தது. குடிதண்ணீர் இல்லாமல் 2024 கோடையில் அந்த ஊர் பட்ட பாட்டை நானும் பார்த்தேன், அலுவலகத்தில் கைகழுவக்கூடத் தண்ணீர் இல்லாத நாள்கள் உண்டு. எனவே அந்தத் திட்டம் வந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் வீட்டுக்குள் வரும் தண்ணீரில் பெரும்பகுதி கழிவாக வெளியே வரும். கூடுதல் தண்ணீர் வந்த அன்று எல்லோரும் முதல் பக்கத்தில் போட்டீர்கள். கூடுதல் கழிவு எந்தப் பக்கம் போகும், அதைச் சுத்திகரிக்க என்ன ஏற்பாடு என்ற கேள்வியும் அதே நாளில் அதே பக்கத்தில் இருந்திருக்க வேண்டாமா?

இரு அரசுகளின் வழக்கும் பெரும்பாலும் 'எவ்வளவு' என்பதைச் சுற்றியே நடக்கிறது. சென்னை மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் ஆற்று நீர் பற்றி 1892இல் போட்ட ஒப்பந்தம் இன்றும் பேச்சில் வருகிறது. தென்பெண்ணையின் துணையாறான மார்க்கண்டேய நதியில், யார்கோளில், கோலார், மாலூர், பங்காரப்பேட்டைக்குக் குடிநீருக்காகக் கட்டிய அரை டி.எம்.சி. அணைக்கு எதிராகத் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போனது. நதிநீர்த் தீர்ப்பாயம் அமைக்கக் கேட்டு மத்திய அரசிடம் போங்கள் என்று 2019 நவம்பரில் நீதிமன்றம் சொன்னது. இந்த அரை டி.எம்.சி.க்கு இரண்டு பக்கமும் எத்தனை நாள் விவாதம் நடத்தினீர்கள்! வருகிற தண்ணீர் 'எப்படிப்பட்டது' என்பதற்காகவும் 2015இலேயே தமிழ்நாடு வழக்குப் போட்டிருக்கிறது, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இரு மாநில வாரியங்களையும் சேர்த்துக்கொண்டு மாதிரி எடுத்தது. அது எத்தனை வாசகருக்குத் தெரியும்? குளிக்கத் தகுந்த நீரென்றால் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமாவது இருக்க வேண்டும், உயிரி ஆக்சிஜன் தேவை 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. புரிந்துகொள்ளக் கடினமான கணக்கில்லை. முதல் எண் மீன் மூச்சு விட முடியுமா என்று சொல்கிறது, இரண்டாவது எண் தண்ணீரில் எவ்வளவு சாக்கடை என்று சொல்கிறது.

தமிழ்ப் பக்கத்து ஆசிரியர்களிடம் இன்னொன்றையும் மனம் திறந்து சொல்ல வேண்டும். நாம் சுத்தமில்லை. கெலவரப்பள்ளிக்குக் கீழே ஓசூர் நகரத்தின் சாக்கடையும் தொழிற்சாலைகளின் கழிவும் இருக்கின்றன. கிருஷ்ணகிரி அணைக்குப் போய்ச் சேரும் அழுக்கு முழுக்க எல்லைக்கு அப்பாலிருந்து வந்தது என்று என்னால் எழுத முடியாது. அந்த அணைத் தண்ணீரை நம்பி 9,012 ஏக்கர் இருக்கிறது. அதற்கும் கீழே சாத்தனூர் அணை, தை ஐந்தாம் நாள் அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு வரும் மணலூர்ப்பேட்டை, கபிலர் குன்று நிற்கும் திருக்கோவிலூர், கடைசியில் கடலூர். ஃபெஞ்சல் புயலின்போது, 2024 டிசம்பர் 2 அன்று, சாத்தனூரிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்தபோது சென்னைத் தொலைக்காட்சிகள் அத்தனையும் இந்த ஆற்றங்கரையில் நின்றன. வெள்ளம் வடிந்ததும் கிளம்பிவிட்டீர்கள். நம் பக்கத்துக் குழாய்களை நாமே எண்ணி எழுதாமல் அடுத்தவரிடம் போய்ப் பேசினால் யார் காதில் ஏறும்?

இதை நான் வேறொரு ஆற்றின் கதையிலிருந்து கற்றுக்கொண்டேன். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பிறந்து அமெரிக்காவின் மொன்டானாவுக்குள் இறங்கும் ஃபிளாட்ஹெட் ஆறு. மேலே கனடாவில் நிலக்கரிச் சுரங்கம் வரப்போகிறது என்று கீழே இருந்தவர்கள் 1970களிலிருந்து பயந்தார்கள். இரு நாட்டு நீர்ப் பிரச்சினைகளைப் பார்க்கும் கூட்டு ஆணையம் 1988இல் சுரங்கம் வேண்டாம் என்று பரிந்துரைத்தது. அதற்குப் பிறகும் புதுப்புதுத் திட்டங்கள் வந்துகொண்டே இருந்தன. எல்லையின் இரு பக்கத்துச் சூழல் அமைப்புகளும் சேர்ந்தன. கனடாக்காரர்களிடம் கனடாக்காரர்களே பேசினார்கள். இரு நாட்டுப் பூங்காக்களும் சேர்ந்த உலகப் பாரம்பரியப் பகுதி ஆபத்தில் இருக்கிறது என்று யுனெஸ்கோவிடம் மனுக் கொடுத்தார்கள். 2009 கோடையில் இயற்கை ஒளிப்படக் கலைஞர்கள் குழுவாக அந்தப் பள்ளத்தாக்குக்குப் போய்ப் படமெடுத்து ஊர் ஊராகக் காட்டினார்கள். 2010 பிப்ரவரியில், குளிர்கால ஒலிம்பிக்குக்காக உலகத்தின் கேமராக்கள் வான்கூவரில் இறங்கிக்கொண்டிருந்த அதே நாள்களில், அந்தப் பள்ளத்தாக்கில் சுரங்கமும் எண்ணெய்க் கிணறும் கூடாது என்று மாகாண அரசு அறிவித்தது. மொன்டானாவோடு ஒப்பந்தமும் ஆனது. எனக்குப் பிடித்த பகுதி அதற்கு அப்புறம்தான். மொன்டானா தன் பக்கத்தையும் கட்டிக்கொண்டது. அங்கே எண்ணெய்க்காக வைத்திருந்த குத்தகைகளை நிறுவனங்கள் திருப்பித் தந்தன, 2014இல் அமெரிக்காவும் தன் பக்கத்துக்குச் சட்டம் போட்டது. கேட்டவர்கள் தாங்களும் கொடுத்தார்கள்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் நம்மிடமே இருக்கிறது. காவிரிச் சண்டை உச்சத்தில் இருந்த காலத்தில், 2003இல், சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் முயற்சியில் இரு மாநில விவசாயிகளும் 'காவிரிக் குடும்பம்' என்று கூடினார்கள். டெல்டாக்காரர்கள் மாண்டியா வயலைப் போய்ப் பார்த்தார்கள், அவர்கள் இங்கே வந்து பார்த்தார்கள். பிரச்சினை தீரவில்லை என்பது உண்மைதான். ஆனால் எதிராளி என்று நினைத்தவரின் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்த ஒரு விவசாயி பழையபடி பேச மாட்டார். 2016 செப்டம்பரில் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் பேருந்துகள் எரிந்த அன்று நான் அலுவலகத்தில் மாட்டிக்கொண்டேன். திரையில் அதே தீயைத் திரும்பத் திரும்ப ஓட்டிய சில மணி நேரத்தில், காலையில் என்னோடு காபி குடித்தவர்கள் என்னைப் பார்த்த பார்வையே மாறியதைக் கண்டேன். உங்கள் திரையால் அது முடியுமென்றால் அதற்கு நேரெதிரானதும் முடியும் என்றுதான் நம்புகிறேன்.

எனவே என் கோரிக்கை இது. ஒரு கன்னட நாளிதழும் ஒரு தமிழ் நாளிதழும், முடிந்தால் ஒரு தொலைக்காட்சியும், ஆளுக்கொரு நிருபரைத் தாருங்கள். நந்தி மலையிலிருந்து கடலூர் வரை, நானூறு கிலோமீட்டருக்கு மேல், அவர்கள் சேர்ந்து வரட்டும். ஒரே செய்தி, இரண்டு மொழியில், ஒரே நாளில் வரட்டும். வர்த்தூர் பெரியவர் பேசுவதைத் தமிழில் நாங்கள் படிக்க வேண்டும், கெலவரப்பள்ளிக்காரர் பேசுவதைக் கன்னடத்தில் அவர்கள் படிக்க வேண்டும்.

தமிழ் நாளிதழ்கள் தினமும் அணைகளின் நீர்மட்டம் போடுகிறீர்கள். கெலவரப்பள்ளி 44.28 அடியில் இன்று எவ்வளவு என்று அப்பா காலையில் முதலில் அதைத்தான் பார்ப்பார். அந்த வரிக்குப் பக்கத்தில் கொடியாளத்துத் தண்ணீரின் ஆக்சிஜன் அளவையும் போடுங்கள். வாரியங்களிடம் கேட்டு வாங்குங்கள், தராவிட்டால் தரவில்லை என்று போடுங்கள். கன்னட நாளிதழ்களும் வர்த்தூர் கோடியின் அளவைப் போடட்டும். இரண்டு எண்ணையும் ஒரே ஆள் பார்க்கும் நிலை வந்தால் யார் யாருக்கு என்ன அனுப்புகிறார்கள் என்று வாதாட வேண்டியிருக்காது.

பெங்களூர் ஆசிரியர்களுக்கு ஒரு செய்தி முனையும் தருகிறேன். எங்கள் பக்கத்துக் கோஸ், தக்காளி, கொத்தமல்லி, புதினாவில் நிறைய உங்கள் சந்தைக்குத்தான் வருகிறது. விடியற்காலையில் அத்திப்பள்ளியைத் தாண்டும் வண்டிகளில் அப்பாவின் மூட்டைகளும் இருக்கும். நீங்கள் அனுப்பிய தண்ணீர் உங்கள் தட்டுக்கே திரும்பி வருகிறது. பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. காயை வாங்காதீர்கள் என்று எழுதிவிட்டால் செத்துப்போவது நாங்கள்தான். கீழே இருப்பவன் வேறு யாரோ இல்லை, உங்களுக்குச் சோறு போடுகிறவன் என்று உங்கள் வாசகருக்குத் தெரிந்தால், அடுக்குமாடிக் குடியிருப்பின் கூட்டத்தில் யாராவது ஒருவர் எழுந்து, நம் சுத்திகரிப்பு இயந்திரம் ராத்திரியிலும் ஓடுகிறதா என்று கேட்பார். மின்கட்டணத்தை மிச்சப்படுத்த அதை நிறுத்தி வைக்கிறார்கள் என்று ஒரு வளாகத்தின் பராமரிப்பு ஊழியர் என்னிடமே சொல்லியிருக்கிறார். தலைகுனிந்துகொண்டுதான் சொன்னார்.

நிருபர்களை அனுப்ப நீங்கள் முடிவு செய்தால், வழிகாட்ட நான் வருகிறேன். சனி, ஞாயிறு எனக்கு விடுமுறை. வர்த்தூர் கோடியில் காலை ஆறு மணிக்கு நிற்போம், என் அலுவலகத் தோழியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். நெரிசலுக்கு முன்னால் கிளம்பிவிட்டால் காலைச் சாப்பாட்டுக்குள் கொடியாளம் வந்துவிடலாம். அங்கிருந்து அணை, அணையிலிருந்து எங்கள் வீடு. அம்மா ராகிக் களி கிண்டிவைப்பாள். அப்பாவிடம் அந்த இரண்டு நிமிடத்தை மறுபடி கேளுங்கள், கன்னடத்திலேயே சொல்வார். மழைக்கு மறுநாளாகப் பார்த்து வந்தால் நல்லது.

இப்படிக்கு,
கெலவரப்பள்ளி அணைப் பக்கத்திலிருந்து,
உங்கள் இரு மொழிச் செய்திகளையும் தினமும் படிக்கும் ஒரு வாசகன்